மன்னிப்போடு வந்த கத்தி

மும்பை மான்குர்த்தில் எங்கள் தெரு அண்ணாச்சிக்கு அரிவாள்மனை போதவில்லை. ஒசாகாவுக்குப் பக்கத்தில் சகாய் என்றொரு ஊர், கத்திக்குப் பேர் போனது. அங்கிருந்து 240 மில்லிமீட்டர் சமையல் கத்தி ஒன்றை வரவழைத்தார். பார்சல் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

சகாய்க் கடைக்காரர் மறுநாளே மன்னிப்புக் கேட்டார். மூன்றாம் நாள் இன்னொன்று, பார்சல் நிற்கும் இடத்தோடு. பத்தாம் நாள், பணத்தைத் திருப்பித் தரவா, வேறு அனுப்பவா என்றார். கூடவே பில் நகல், 'வீட்டுச் சமையலுக்கு' என்று அழுத்தி எழுதி. ஆள் கெட்டிக்காரர். நம் ஆயுத விதிகள் 2016-இன்படி 9 அங்குலம் தாண்டிய கத்தி ஆயுதக் கணக்கு. வீட்டு உபயோகத்துக்கென்று செய்தது என்றால் விலக்கு. 240 மில்லிமீட்டர் அந்த 9-ஐக் கொஞ்சம் தாண்டும். வெண்டைக்காய்க்கும் வீச்சரிவாளுக்கும் நடுவே அந்த ஒரு வரிதான்.

அண்ணாச்சிக்கோ சந்தேகம். "தப்பு செய்யாதவன் ஏம்ல மன்னிப்பு கேக்கான்? எங்கேயோ இடிக்கே!" மிக்ஸி ஓடவில்லை என்று போனால் 'நீங்க என்ன பண்ணுனீங்க?' என்று கேட்கும் கடைகளைப் பார்த்து வளர்ந்தவர்.

நாற்பதாம் நாள் கத்தி வந்தது. அண்ணாச்சி வீட்டம்மா அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருவுக்கு வரும் சாணைக்காரர் மட்டும் கேட்டுக்கொண்டார்: "அந்த ஜப்பான்காரனை எங்கிட்ட குடுத்துராதீங்க."