பாலோவிலிருந்து சபை தேடுவோருக்குச் சில நல்ல வழிகள்

ஜொகூரின் பாலோவில் குடியிருந்துகொண்டு, சேருவதற்குப் புதிய சபை தேடுகிறீர்களா? நல்லது. முறையாகத் தேடினால் ஆயுசுக்கும் தேடலாம்.

1. முதலில் ஞாயிற்றுக்கிழமையைச் சமாளியுங்கள். 2014 முதல் 2024 முடியும்வரை ஜொகூரில் அரசு வார விடுமுறை வெள்ளியும் சனியும். "ஞாயிறு வேலைங்க ஐயரே" என்று போதகரிடம் சொன்னால் பேச்சு முடிந்தது. தனியார் கம்பெனியில் ஞாயிறு லீவு வாங்கியவர்களும் அதையே சொன்னார்கள். 2025 ஜனவரி 1-இல் ஞாயிறு மறுபடி விடுமுறையாகி அந்தப் பொற்காலம் போய்விட்டது. கவலை வேண்டாம், தூரம் இருக்கிறது. "குளுவாங்குக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டணுமே" என்று இழுத்துச் சொல்லுங்கள். குளுவாங் ரயில் நிலையத்தில் 1938-இல் தொடங்கிய கோப்பிக்கடைக்கு அதே சாலையில் போய் வந்ததைச் சொல்ல வேண்டாம்.

2. ஆராதனை ஒன்பதுக்கு என்றால் ஒன்பதே முக்காலுக்கு நுழையுங்கள். கடைசி வரிசை, வாசலோர நாற்காலி. யாரும் வந்து பேசாவிட்டால் "அன்பில்லாத சபை". ஓடிவந்து கை கொடுத்தால் "ஆள் பிடிக்கிறார்கள்".

3. ஒப்பிடுங்கள். மெதடிஸ்ட் கோயிலில் கீர்த்தனை பாடினால் பழைய பஞ்சாங்கம். கடைவீட்டு மாடியில் கீபோர்டும் டிரம்ஸும் முழங்கினால் கச்சேரி. லுத்தரன் ஐயர் அங்கி போட்டால் சடங்கு. பெந்தெகொஸ்தே பாஸ்டர் கோட்டு போட்டால் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. போன வாரம் குறை சொன்ன சபையை இந்த வாரம் போன இடத்தில் வாயாரப் புகழுங்கள்.

4. உங்களைப் பற்றிக் கேட்டால் 1706-இல் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் கப்பலிறங்கியதிலிருந்து ஆரம்பியுங்கள். தாத்தா ஞானஸ்நானம், அப்பா ஞாயிறுப் பள்ளி என்று நிதானமாக வாருங்கள். நீங்கள் கடைசியாகத் திருவிருந்து எடுத்தது எப்போது என்ற இடம் நெருங்கும்போது நிறுத்திவிடுங்கள்.

5. சாதி கேட்பது நாகரிகமில்லை. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று. ஆகவே, "எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?" என்று தொடங்குங்கள். பிறகு, "ஊர்ல எந்தப் பக்கம்?" பிறகு, "பாட்டன் பேரு?" மூன்றாவது கேள்வியில் விடை வந்துவிடும். அதற்கப்புறம்தான் அந்தச் சபையின் உபதேசம் சரியா என்று யோசிக்க வேண்டும்.

6. ஆராதனை முடிந்ததும் பசியாறாமல் கிளம்பக் கூடாது. தேநீரும் பிஸ்கட்டும் மட்டும் என்றால் ஐக்கியம் குறைவு. பீஹூன் என்றால் பரவாயில்லை. பிரியாணி என்றால் ஆவியானவர் அசைவாடுகிறார். பொட்டலமும் கட்டிக் கொடுத்தால் அந்தச் சபைக்கு இன்னொரு ஞாயிறு கொடுக்கலாம்.

7. "புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றால் நில்லுங்கள். அடுத்த மாதமும் நில்லுங்கள். அடுத்த வருடமும். புதியவரிடம் யாரும் சந்தா கேட்கமாட்டார்கள், நாற்காலி அடுக்கச் சொல்லமாட்டார்கள், ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளைத் தலையில் கட்டமாட்டார்கள். மகளுக்கு வரன் அமைந்து, கோயில் தேதி வேண்டும் என்கிறபோது மட்டும், "நாங்க உங்க சபைதானே ஐயரே" என்று உரிமையோடு போய் நில்லுங்கள்.

8. எந்தச் சபைக்குப் போனாலும் ஜெபக் குறிப்பையும் கைப்பேசி எண்ணையும் தவறாமல் எழுதிக் கொடுங்கள். குளுவாங் ஆஸ்பத்திரியில் நீங்கள் படுக்கும் நாளில் நாலைந்து போதகர்கள் ஒரே நேரத்தில் வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். யார் முதலில் ஜெபிப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வரிசையாக எல்லாரையும் ஜெபிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, யார் சுருக்கமாக முடிக்கிறார் என்று கவனியுங்கள்.