சாய்கோட்டுச் சமயப் பூசல்: ஓர் ஆய்வு முன்னுரை

ஒருவர் கணினியில் ஒழுங்காகக் கம்பைல் ஆகும் நிரல், பக்கத்து நாற்காலிக்காரரின் கணினியில் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று கையை விரிப்பது ஏன்? கோப்பு இருக்கிறது. ஃபோல்டரைத் திறந்தால் கண்ணுக்கும் தெரிகிறது. கம்பைலர் மட்டும் இல்லை என்று சாதிக்கிறது. கடவுள் உண்டா இல்லையா என்று அலமாரி அலமாரியாக எழுதிய அறிஞர் உலகம், கோப்பு உண்டா இல்லையா என்பதில் காட்டிவரும் பாராமுகம் வருந்தத்தக்கது. அக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

கருதுகோள் வருமாறு: நிரலைக் கட்டும்போது கோப்பின் பாதையைத் தேடித் தடுமாறும் இந்தப் பில்ட் பாத் சிக்கல் பொறியியல் சிக்கல் அன்று, சமயப் பூசல். கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று வழக்காடிய மரபில் வந்த நமக்கு, வலப்பக்கம் சாய்ந்த கோட்டுக்கும் (ஸ்லாஷ்) இடப்பக்கம் சாய்ந்த கோட்டுக்கும் (பேக்ஸ்லாஷ்) நடக்கும் சண்டை புரியாமல் போகாது.

வரலாற்றுப் பின்னணி அவசியம். மல்டிக்ஸ் இயங்குதளத்தில் ஃபோல்டர் பெயர்களைப் பிரித்தது 'பெரியது' என்னும் கணிதக்குறி. அதன் வழிவந்த யூனிக்ஸ், பெல் ஆய்வகத்தில் ஸ்லாஷுக்கு மாறியது. விண்டோஸின் மூதாதையான டாஸ் 1981-இல் முதலில் வந்தபோது அதில் ஃபோல்டர் என்ற பேச்சே இல்லை. 160 கிலோபைட் ஃப்ளாப்பிக்கு எதற்கு ஃபோல்டர்? சும்மா கிடந்த ஸ்லாஷைக் கட்டளைகளின் விருப்பத்தேர்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1983-இல் ஹார்ட் டிஸ்க்கோடு டாஸ் 2.0 வந்தது, ஃபோல்டரும் வந்தது. ஸ்லாஷின் இடத்தில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்ததால் பேக்ஸ்லாஷைக் கூப்பிட்டார்கள். அந்தக் குறியை ஆஸ்கி எழுத்துத் தொகுதிக்குள் கொண்டுவந்தவர் பாப் பெமர். அல்கால் மொழியின் தர்க்கக் குறிகளை இரண்டு சாய்கோடுகளால் எழுதிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. வந்த வேலை ஒன்று, மாட்டிக்கொண்ட வேலை வேறு.

சி மொழியிலோ மேற்கோளுக்குள் வரும் பேக்ஸ்லாஷ் அடுத்த எழுத்தின் பொருளையே மாற்றிவிடும். 'நியூ' என்ற ஃபோல்டருக்கு முன்னால் போட்டால் புதுவரி பிறக்கிறது. 'டெம்ப்' முன்னால் போட்டால் டேப் இடைவெளி. இல்லாத பாதையைத் தேடி நிரல் அலைகிறது. ஜப்பானிய விண்டோஸில் இதே குறி யென் நாணயக் குறியாகக் காட்சி தந்த கதையைத் தனி இயலாகவே எழுதலாம், இடமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோப்பைத் திறக்கச் சொல்லி விண்டோஸிடம் நிரல் கேட்கும்போது ஸ்லாஷ் போட்டாலும் அது மறுக்காமல் திறக்கிறது. மூலவருக்கு இரண்டு நாமமும் சம்மதம். தகராறு செய்வது கட்டளைச் சாளரத்தில் நிற்கும் பரிசாரகர்கள்தாம். விண்டோஸில் யூனிக்ஸ் பாணிக் கட்டளைச் சாளரம் தந்து சமரசம் செய்ய வந்த கிட் பாஷ் இன்னொரு வகை. அதிலிருந்து விண்டோஸ் நிரல் ஒன்றை ஓட்டி, ஸ்லாஷ் போட்டு 'ஹெல்ப்' என்று கேட்டால், அதையும் பாதை என்று எண்ணி, ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் கிட் இருக்கும் இடத்தையும் முன்னால் ஒட்டி அனுப்பிவிடுகிறது.

அடுத்தது எழுத்துச் சிக்கல்: கோப்புப் பெயரில் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் விண்டோஸ் வழக்கமாக ஒன்றாகவே கருதும், லினக்ஸ் கருதாது. 'விண்டோஸ் டாட் ஹெச்' என்ற கோப்பை முதல் எழுத்துப் பெரியதாக எழுதிச் சேர்ப்பது விண்டோஸில் பலருக்கும் பழக்கம். அதே நிரலை லினக்ஸில் இருந்தபடி மிங்டபிள்யூ கொண்டு விண்டோஸுக்காகக் கம்பைல் செய்தால், அங்கே அந்தக் கோப்பின் பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில் இருப்பதால் பில்ட் முதல் வரியிலேயே விழும். எதிர்ப்பக்கமும் சளைத்ததல்ல. லினக்ஸ் கெர்னலின் நெட்ஃபில்டர் பகுதியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் மட்டுமே உள்ள கோப்பு ஜோடிகள் இருக்கின்றன. சாதாரண விண்டோஸ் ஃபோல்டரில் இறக்கினால் ஜோடியில் ஒன்றுதான் மிஞ்சும். 'ஆக்ஸ்' என்று பெயர் வைத்த கோப்பும் அதே கெர்னலில் உண்டு. டாஸ் காலத்தில் அந்தப் பெயரை ஒரு சாதனத்துக்கு ஒதுக்கிவிட்டதால் விண்டோஸ் 11-க்கு முந்தைய பதிப்புகள் அதை ஏற்காமல் முரண்டு பிடிக்கும்.

தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாதே, நாம் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும். 'கொடி' என்று கோப்புக்குப் பெயர் வைத்தால், ஆப்பிளின் பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை அந்த ஒகரக் குறியை ஒற்றைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸோ தட்டியதைத் தட்டியபடியே வைக்கும். திரையில் இரண்டும் ஒரே கொடி. லினக்ஸின் கணக்கில் இரண்டு வெவ்வேறு கோப்புகள். ஒருங்குறி நியமத்தில் இரண்டு வடிவமும் சமம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

நீளச் சிக்கலைப் பற்றிப் பேச அதிகமில்லை: விண்டோஸில் வழக்கமான எல்லை 260 எழுத்து, லினக்ஸில் 4096. 2016 முதல் விண்டோஸ் 10-இல் இந்த எல்லையைத் தளர்த்தலாம். ஆனால் அதற்கான அமைப்பை இயக்கவும் வேண்டும், நிரலும் ஒத்துழைக்க வேண்டும். சி டிரைவில் நேராக ஒற்றை எழுத்துப் பெயரில் ஃபோல்டர் திறந்து வேலை பார்ப்பதே களத்தில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் பரிகாரம்.

இனி இடைவெளி. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் எழுதிய மேக் (make) என்னும் பில்ட் கருவிக்கு, இடைவெளி வந்தால் ஒரு பெயர் முடிந்தது என்று பொருள். விண்டோஸ் 95 தன் மென்பொருள்களையெல்லாம் குடிவைத்த ஃபோல்டரின் பெயரோ 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்'. நடுவில் இடைவெளி. மேற்கோளுக்குள் அடைத்தாலும் மேக் பல இடங்களில் அதை மதிப்பதில்லை. உலகத்தில் எத்தனையோ நல்ல பெயர்கள் இருக்க இதை ஏன் வைத்தார்கள் என்பது இவ்வாய்வாளரின் நெடுநாள் மனத்தாங்கல்.

தீர்ப்பு: எந்தக் கணினியானாலும் பில்ட் கோப்பில் ஸ்லாஷ் மட்டுமே போடுக, சிமேக் என்னும் பில்ட் கருவியும் அதைத்தான் விரும்புகிறது. கோப்புப் பெயர்கள் சின்ன எழுத்தில் இருக்கட்டும். டிரைவ் எழுத்தில் தொடங்கும் முழுப் பாதையை நிரலுக்குள் எழுதுவோருக்கு மன்னிப்பில்லை. தமிழ் வாசகர்களுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம்: புது விண்டோஸ் கணினியில் லோக்கல் யூசர் அக்கவுண்ட் திறக்கும்போது இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். அந்தப் பெயரில்தான் உங்கள் ஃபோல்டர் உருவாகும். பிறகு அக்கவுண்டின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது.