மாமன்னருக்கு மாலை, நெல்லுக்கு மழை

ராஜராஜ சோழன் பிறந்த ஐப்பசி சதயம் வந்தால் போதும், தஞ்சாவூரில் அவருக்குச் சாதிச் சான்றிதழ் வழங்கும் வைபவம் தொடங்கிவிடும். சங்கத்துக்கொரு சுவரொட்டி, எல்லாவற்றிலும் மாமன்னர் 'எங்கள் குலத்தில் உதித்தவர்'. உயிரோடிருப்பவன் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் தாலுகா ஆபீஸ் படியேறும் நாட்டில், ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்தவருக்கு ஒரே நாளில் இத்தனை சான்றிதழ்!

மாலை போடப் பெரிய கோயிலுக்குள் போக வேண்டியதில்லை. சிலையை உள்ளே வைக்க மத்திய அரசு அனுமதி தராததால், கோயிலைக் கட்டியவரே 1972 முதல் வெளியில்தான் நிற்கிறார். தலைவர்களுக்கும் அது வசதி. முன்வாசல் வழியே நுழைந்தால் பதவி போய்விடும் என்றொரு பயம் உண்டே! பக்திக் கட்சிக்கும் பகுத்தறிவுக் கட்சிக்கும் இந்தப் பயத்தில் மட்டும் நிரந்தரக் கூட்டணி.

அதே ஐப்பசியில்தான் குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் மலையாகக் கிடக்கும். அதே ஐப்பசியில்தான் அடைமழையும். சாக்கு இல்லை என்பார்கள், லாரி வரவில்லை என்பார்கள். நனையவிட்டவர்களே பிறகு கருவியோடு வந்து, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்பார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று நீளும் கையில் மட்டும் கணக்குப் பிசகியதே இல்லை.

2025 அக்டோபரில் டெல்டா நெல் நனைந்து முளைத்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்த பிரதமர், ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் பிரம்மாண்டச் சிலைகள் என்று அறிவித்துப் போனார். கோட்டை மட்டும் சளைத்ததா? சதய விழா இனி அரசு விழா என்று 2022-லேயே அறிவித்தாயிற்று. நெல்லுக்குத் தார்ப்பாய் கேட்டால் மட்டும் இருவருக்கும் காது கேட்காது.

இவர்கள் கும்பிடும் மன்னன் நெல் விஷயத்தில் கெட்டிக்காரன். கோயில் சுவரைப் படியுங்கள். நெல் அளக்க 'ஆடவல்லான்' என்று இறைவன் பேரிலேயே மரக்கால். ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு, தெருவும் வீடும் குறித்து, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம். கோயில் காசு ஊர்ச்சபைகளுக்குக் கடனாகப் போய், நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டியோடு திரும்பும். பெருந்தச்சன் முதல் நாவிதன் வரை பேர் பொறித்த அந்தக் கல்லில், நட்டவள் பேர் இல்லை, அறுத்தவன் பேர் இல்லை. பறைச்சேரி மட்டும் வருகிறது, வாய்க்காலோடும் சுடுகாட்டோடும் சேர்ந்து, வரி விதிக்காத இடங்களின் பட்டியலில்.

ராஜராஜன் காலத்தில்தான் தலித்துகளான எங்கள் நிலம் பறிபோனது என்று 2019-இல் திருப்பனந்தாளில் பேசினார் இயக்குநர் பா. ரஞ்சித். சில நாளிலேயே வழக்குப் பாய்ந்தது. செத்த மன்னனுக்காகப் புண்பட்டவர்களுக்குச் சட்டம் ஓடோடி வருகிறது. முளைவிட்ட நெல்லுக்கு எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது? அன்று உழுதவன் பேர் கல்லில் ஏறவில்லை. இன்று அவன் நெல் லாரியில் ஏறவில்லை. ஆயிரம் வருஷத்தில் நாம் கண்ட முன்னேற்றம் இவ்வளவுதான்.

அடுத்த சதய விழாவுக்குப் பந்தல் போடும் பெருமக்களே, அந்தப் பந்தலைக் கொள்முதல் நிலையத்தில் போடுங்கள். சிலை எத்தனை மழையில் நனைந்தாலும் முளைக்காது, நெல் முளைத்துவிடும்.