அலிப்பூரில் இரண்டு முதுமை

கொல்கத்தாவின் அலிப்பூரில் முதுமை இரண்டு வகை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து எழுத்தருக்குப் பழைய ஓய்வூதியம். மத்திய அரசின் புதிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.-இல் மேற்கு வங்கம் சேரவே இல்லை. அதே பேட்டையில் தேசிய நூலகத்திலும் வானிலை மையத்திலும் 2004 ஜனவரி 1 முதல் வேலைக்கு வந்தவர்களுக்குப் பங்குச் சந்தையோடு ஏறி இறங்கும் என்.பி.எஸ். ஊருக்கு நாளைய மழையைச் சொல்கிறவருக்குத் தன் நாளைய வருமானம் தெரியாது.

எழுத்தரும் ரொம்பச் சிரித்துவிட முடியாது. அகவிலைப்படி பாக்கியில் கால் பங்கையாவது கொடுங்கள் என்று 2025 மே மாதம் மாநில அரசுக்கு உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

இங்குள்ள மிருகக்காட்சி சாலையில் 2006-இல் இறந்த அத்வைதா என்ற ஆமைக்கு வயது 250 இருக்கும் என்பார்கள். நல்லவேளை, அதற்கு யாரும் ஓய்வூதியம் பேசவில்லை. எந்தக் காப்பீட்டுக் கம்பெனி தாங்கும்?

2025 ஏப்ரலில், 25 ஆண்டு உழைத்தவருக்குப் பாதி அடிப்படைச் சம்பளம் உறுதி என்று மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் (யு.பி.எஸ்.) வந்தது. இருபது ஆண்டு புகழ்ந்த சந்தைக்கு, அரசே முட்டுக்கொடுத்தது.

2013-இல் ஓய்வூதிய நிதிச் சட்டத்தை நிறைவேற்றிய எம்.பி.க்களின் ஓய்வூதியம் மட்டும் சந்தைப் பக்கமே போகவில்லை. ரிஸ்க் எடுக்கிற வயதா அவர்களுக்கு?