பிழையே சாட்சி: கணினித் துப்பாக்கிகளை இனங்காணும் முறை பற்றி ஓர் ஆராய்ச்சி

வீடியோ கேமில் வரும் துப்பாக்கி உண்மையில் எந்தத் துப்பாக்கி என்று நிறுவும் துறைக்குத் தமிழில் இன்னும் பெயர்கூட வைக்கப்படவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் சண்டைக்குக் குறைவில்லை. சண்டை போடுவோர் பெரும்பாலும் திரையில் எழுதியிருக்கும் பெயரைக் காட்டி வழக்கை முடித்துவிடுகிறார்கள். இது செல்லாது. நின்டெண்டோ 64-க்காக ரேர் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ‘கோல்டன்ஐ 007’-இல் ஜேம்ஸ் பாண்ட் ஏந்துவது பிபி7. பார்த்தவுடனே அது வால்தர் பிபிகே என்று தெரியும். செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்கார்ப்பியன் அதே ஆட்டத்தில் ‘க்ளாப்’ என்று வருகிறது. நின்டெண்டோவில் பணியாற்றிய கென் லாப் என்பவரை ஒட்டி வைத்த பெயர் அது. அந்த ஆட்டத்திலேயே மட்டமான துப்பாக்கி என்று பேர் வாங்கியதும் அதுவேதான். வைத்தவர்கள் செய்தது மரியாதையா பழிவாங்கலா என்பது தனி ஆய்வுக்குரியது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6-இல் ஏகே-47 வாங்கப் போனவருக்குப் பட்டியலில் கிடைத்தது சிவி-47. ஹெக்லர் அண்ட் கோக்கின் எம்பி5 அங்கே ‘கே அண்ட் எம்’ ஆகிவிட்டது. பெயருக்கு உடைமைக்காரர் உண்டு என்பதே காரணம். 2013-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், துப்பாக்கி நிறுவனங்களிடம் உரிமம் வாங்குவதை நிறுத்தப்போவதாகச் சொன்னது. துப்பாக்கிகளைக் காட்டுவதை நிறுத்தப்போவதாகச் சொல்லவில்லை. ஆகவே பெயர் என்பது வக்கீல் எழுதியது. அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில் பயனில்லை.

பிறகு எதை ஏற்றுவது? பிழையை. கற்பனையாக வரைந்த ஆயுதத்தில் பிழை இருக்க வழியில்லை. லேசர் வாளின் கைப்பிடி தவறு என்று யாரும் வழக்குப் போட முடியாது. ஒன்றைப் பார்த்து எழுதினால்தான் தவறாக எழுத முடியும். ஓலைச்சுவடி ஆராய்ந்த பதிப்பாசிரியர்கள் இதை நன்கு அறிவார்கள்: இரண்டு ஏடுகளில் ஒரே பிழை கிடந்தால் இரண்டுக்கும் மூலம் ஒன்று. ஹாஃப்-லைஃப் (1998) ஷாட்கனை எடுத்துக்கொள்வோம். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு குழல்கள். இன்னொரு பொத்தானை அழுத்தினால் இரண்டு தோட்டாக்கள் ஒரே சமயத்தில் வெடிக்கின்றன. உருவமோ இத்தாலியின் ஃபிராங்கி ஸ்பாஸ்-12. அதில் சுடும் குழல் மேலே உள்ளது மட்டுமே. கீழே இருப்பது தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும் மேகசின். செய்தவர் தெரிந்தே செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அந்தப் பருத்த கீழ்க்குழலைக் கண்ணால் கண்டிராத ஒருவருக்கு இப்படியொரு தவறு தோன்றியிருக்காது. சிவி-47-க்கும் இதே நீதி. உண்மையான ஏகே-47-இல் போல்ட் கைப்பிடி வலப்பக்கம், 1.6-இல் வலக்கையில் பிடித்தால் அது இடப்பக்கம் நிற்கிறது. அமைப்பில் போய் இடக்கைக்கு மாற்றினால் படம் கண்ணாடிபோலத் திரும்பி, கைப்பிடி தன் இடத்துக்கு வந்துவிடும். அந்த உலகில் சரியான ஏகே-47 இடக்கைக்காரர்களுக்கு மட்டுமே வாய்க்கிறது.

பெயரில் ஏகே-47 என்றே இருந்தாலும் ஆய்வாளன் ஏமாறக் கூடாது. மேகசின் உடம்புக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே கண்ணை வைக்க வேண்டும். எஃகுக் கட்டியைக் கடைந்து செய்த ஏகே-47-இல் அங்கே நீண்ட செவ்வகமாக ஒரு பள்ளம் ஓடும். எடையைக் குறைக்கச் சீவியது அது. தகட்டை அழுத்திச் செய்த ஏகேஎம்-இல், அதாவது 1959-இல் வந்த மாற்றத்தில், கட்டைவிரல் பதிந்தாற்போலச் சின்னக் குழி மட்டும் இருக்கும்; குழல்முனையும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். முன்குறியைச் சுற்றி முழு வளையம் மூடியிருந்தால் அது சீனத்து டைப் 56. திரையில் ஏகே-47 என்று உலவுவனவற்றில் பல இந்தத் தேர்வில் தேறுவதில்லை.

அஃதேல், இவையெல்லாம் ஆட்டத்தின் சுவை கருதி வேண்டுமென்றே செய்தவை, இவற்றைப் பிழை எனல் தகுமோ எனின், தகும். பப்ஜியின் விஎஸ்எஸ் துப்பாக்கியைப் பாருங்கள். ரஷ்யர்கள் அதற்கு ஊட்டுவது 39 மில்லிமீட்டர் நீளக் கூட்டுடன் வரும் கனத்த 9 மி.மீ. தோட்டா; ஆட்டத்திலோ கைத்துப்பாக்கியின் 9 மி.மீ. தோட்டாவே அதற்கும் போதும். தோட்டா வகைகளைப் பெருக்கினால் ஆடுபவர் பை நிரம்பிவிடும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் ஆட்டத்தைச் செய்தவர்கள் விஎஸ்எஸ்ஸை 7.62 தோட்டாக் கூட்டத்தில் சேர்க்காமல் 9-இல் சேர்த்தது ஏன்? மூலத்தின் எண் 9 என்பதால். வேண்டுமென்று செய்த பிழையும் மூலத்துக்குப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறது. 2003-இல் வந்த முதல் கால் ஆஃப் டூட்டியில் எம்1 கேரண்டை எட்டுக் குண்டும் தீருமுன் நிரப்ப முடியாது. உண்மைக் கேரண்டில் பாதியில் கிளிப்பை வெளியே தள்ளலாம், சிரமம்தான். இப்படியொரு தடையே யாருக்கும் தோன்றியிருக்காது, எட்டுக் குண்டும் ஒரே கிளிப்பாக உள்ளே போய், கடைசிக் குண்டோடு ‘டிங்’ என்று துள்ளி விழும் அந்த அமைப்பு இல்லாதிருந்தால்.

மூலம் இன்னதென்று முன்பே தெரிந்தால்தானே பிழையைப் பிழை என்று சொல்ல முடியும், இது சுற்றுவாதம் ஆகாதா என்பார் உளர். வாதம் சுற்றுவது மெய்யே. ரிவால்வரும் சுற்றித்தான் சுடுகிறது. உருவம் ஓர் ஊகத்தைத் தருகிறது, பிழை அதை உறுதி செய்கிறது. இதற்கு மேல் தொல்லியலிலும் கேட்பதில்லை. இதெல்லாம் வெட்டி வேலை என்பார்க்கு மட்டும் ஒரு செய்தி: இங்கிலாந்தின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் காப்பாளரான ஜானதன் ஃபெர்குசன், கேம்ஸ்பாட் காணொளிகளில் அமர்ந்து இந்த வேலையைத்தான் செய்திருக்கிறார். ஐயம் தீராதவர்கள் அந்த அருங்காட்சியகம் இருக்கும் லீட்ஸுக்கே போய், கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று போல்ட் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது.