வருஷம் குறித்த துறவிகள்

கேள்வி: உலகைத் துறந்தவருக்கு வருஷக் கணக்கு எதற்கு? (மாணவி, தேவாரம்)

பதில்: துறந்தது ஆசையை, காலத்தையன்று. ஏழாம் பிராயத்தில் மடம் புகுந்து, இங்கிலாந்தின் வடபகுதியில் ஜாரோ என்னுமிடத்தில் வாழ்ந்து 735-இல் மறைந்த பீட் என்னும் துறவி, ஈஸ்டர் பண்டிகைக்குரிய நாளை நிர்ணயிக்கும் பொருட்டுக் காலக் கணிதத்தை ஆராய்ந்து 725-இல் ஒரு நூல் செய்தார். அதே புலமையின் பலத்தால், தம் தேசத்துத் திருச்சபை வரலாற்றைக் கிறிஸ்து பிறந்த ஆண்டின் வரிசையில் அமைத்து 731-இல் நிறைவேற்றினார். பண்டிகைக்கு நாள் பார்க்கத் தொடங்கியவர் சரித்திரத்துக்கே நாள் குறித்துவிட்டார்!

கேள்வி: நம் நாட்டில் அத்தகையவர் உண்டா? (ஏலக்காய் வியாபாரி, போடிநாயக்கனூர்)

பதில்: பீட் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே உண்டு. சர்வநந்தி என்னும் சமண முனிவர் உலகின் அமைப்பைக் கூறும் ‘லோகவிபாகம்’ என்ற பிராகிருத நூலைப் பாடலிகத்தில் எழுதினார். அது இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்பர் ஆராய்ச்சியாளர். மூலம் மறைந்துவிட்டது; ஆயினும் அதைத் தழுவிச் சிம்மசூரி செய்த வடமொழி நூலின் இறுதியில், சக ஆண்டு 380, காஞ்சிப் பல்லவ மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு என்ற குறிப்பு பிழைத்திருக்கிறது. அது கி.பி. 458.

கேள்வி: ஒரு வருஷக் குறிப்புக்கா இத்தனை கொண்டாட்டம்? (அதே வியாபாரி)

பதில்: எடைக்கல் இல்லாத தராசில் ஏலக்காயை நிறுப்பீரா? முற்காலப் பல்லவர் செப்பேடுகள் மன்னன் பட்டமேறிய எத்தனையாவது ஆண்டு என்று சொல்லுமேயன்றி, அவன் பட்டமேறியது எப்போது என்று சொல்லமாட்டா. சர்வநந்தியின் ஒரு வரியால்தான், சிம்மவர்மன் 436-ஐ ஒட்டி அரியணை ஏறினான் என்று துணிந்து கூறி, அவன் முன்னோரையும் பின்னோரையும் வரிசைப்படுத்த முடிகிறது.

கேள்வி: எங்கள் பக்கத்தில் சமணர் சுவடு உண்டா? நாங்கள் செய்யத்தக்கது யாது? (ஆசிரியர், தேவாரம்)

பதில்: உத்தமபாளையத்தில் கருப்பண்ணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும், அச்சணந்தி என்னும் சமண முனிவர் முதலியோர் பெயர் தாங்கிய வட்டெழுத்துக்களும் இருக்கின்றன. மாணவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள். சுண்ணாம்போ எண்ணெயோ அவற்றின்மேல் படாமல் காப்பது நம் கடமையென்று சொல்லுங்கள். பின்பு ஊர்ப் பெரியோர்களிடம், மலையேறிச் சென்று ஏலத்தோட்டம் கண்ட கதையைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். பீட் தமக்குச் செய்தி உதவியோரின் பெயர்களை முகவுரையில் நன்றியோடு குறித்தார். அவ்வாறே சொன்னவர் பெயரும், கேட்ட தேதியும் ஒவ்வொரு ஏட்டிலும் இருக்கட்டும்.