மைக்ராவின் கேஸ் ஷீட்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் மைக்ரா கார் விற்றாகிவிட்டது. போனில் நீங்கள் கேட்டபோது "ஆச்சுண்ணே" என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் உங்கள் மாப்பிள்ளை நின்றிருந்தார். அவர் சொல்லும் கதையில் பேரம் பேசி ஜெயித்தவர் அவர். நடந்ததை நான் எழுதுகிறேன்.

நம் கிளாவரையில் ஒரு வண்டி கைமாற என்ன வேண்டும்? கழுவி நிறுத்தினால் போதும். வாங்குகிறவர் டயரை ஒரு உதை உதைப்பார், பூண்டி வரை ஒரு ரவுண்டு போய் வருவார், டீக்கடை பெஞ்சில் முன்பணம் கொடுப்பார். இங்கே இங்கிலாந்தில் மூன்று வயதான கார் வருடா வருடம் எம்.ஓ.டி. என்ற சோதனைக்குப் போக வேண்டும். 1960-ல் ஆரம்பித்தபோது பத்து வயது தாண்டிய வண்டிக்கு மட்டும்தான் இருந்ததாம். இப்போது அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. நம் பணத்தில் 5,000 ரூபாய்க்கு மேலே. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சோதித்து எழுதியதை அரசாங்கம் இணையத்தில் போட்டுவிடுகிறது. நம்பர் பிளேட்டைப் பார்த்த எவரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டை மூடி வைக்கச் சொல்லித்தான் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வெளியே வந்தால் என் காரின் கேஸ் ஷீட் தெருவில் தொங்குகிறது. "இடது முன் டயர் ஓரம் தேய்வு", "பின் பிரேக்கில் லேசான துரு" என்று எல்லா வருடத்துச் சங்கதியும் அதில் இருக்கிறது.

இந்த வருடம் ஃபெயில். இடது முன் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்றார்கள். ஓட்டின எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரும்பாலும் அடி வளையம்தான் ஒடியுமாம். மிச்சம் உட்கார்ந்துகொள்ளும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஒடிந்த முனை என்றைக்காவது டயரைக் கிழித்தால்தான் விஷயம் தெரியும்.

"கவுஞ்சி ரோட்டில் முட்டைக்கோஸ் ஏத்துற எனக்கே உடையலையே" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. உங்கள் ஜீப்பில் இருப்பது பட்டை ஸ்பிரிங். ஒரு பட்டை போனால் மற்றதெல்லாம் தாங்கும். இங்கே சின்னக் காருக்கு ஒரே கம்பியைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அதோடு உப்பு. மன்னவனூரில் மார்கழியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி விழுந்தாலும் ரோட்டில் யாராவது உப்பைக் கொட்டுகிறார்களா? இங்கே குளிர்காலம் முழுக்கக் கொட்டுகிறார்கள், வழுக்காமல் இருக்க. கம்பியின் பூச்சு எங்கே உரிந்திருக்கிறதோ அங்கே உப்பு நுழைந்து அரிக்கிறது. பிறகு ஒரு குழி போதும். குழியும் சாக்கடை மூடியும் ரோட்டின் இடது ஓரத்தில்தானே இருக்கும். அதனால் இடது பக்கம் முந்திக்கொண்டது.

அப்படியே விற்றுவிடலாம் என்றார் உங்கள் மாப்பிள்ளை. பழைய சோதனைச் சீட்டு காலாவதி. அந்த வண்டியை ஒர்க்ஷாப்புக்கோ, முன்பதிவு செய்த சோதனைக்கோ தவிர வேறெங்கும் ஓட்டக்கூடாது. வாங்குகிறவர் லாரியோடு வர வேண்டும். அப்படி வருகிறவர் என்ன விலை கேட்பார் என்பது லாரி வைத்திருக்கும் நம் சித்தப்பாவுக்குத் தெரியும்.

ஆக, மெக்கானிக். எந்தத் தேசமானாலும் மெக்கானிக் மெக்கானிக்தான். ஸ்பிரிங் ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒருக்களிக்கும், ஜோடியாகப் போடணும் என்றார். அது நியாயம். பிரிச்சதோடு பிரிச்சதாக ஷாக் அப்சார்பர், மேலே இருக்கும் பேரிங், லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் என்றார். அதிலும் பாதி நியாயம் இருந்தது. ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு நெருக்கித்தான் கழற்ற வேண்டும். கை தவறினால் அது பாயும் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். கடைசியில் அலைன்மென்ட். காரின் விலையில் கால் பங்கு முன் சக்கரங்களுக்கே போயிற்று. மறு சோதனையில் பாஸ்.

வாங்க வந்தவர் பேத்திக்காகக் கார் தேடும் ஒரு பெரியவர். சண்டர்லாந்து நிசான் ஆலையில் மைக்ரா பூட்டியே ஓய்வு பெற்றவர். 1992 முதல் 2010 வரை மைக்ரா இந்த ஊரில் உருவானது. 1993-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியதை நேற்று நடந்ததுபோல் சொன்னார். முழங்காலிட்டுப் புது ஸ்பிரிங்கைத் தடவினார், திருப்தி. கண்ணாடியோரம் சேஸிஸ் நம்பரைப் படித்தவர் முகம் மாறியது. எம்.டி.எச். என்று ஆரம்பித்தது.

"இது எங்க வண்டி இல்லையே."

"ஆமாம் ஐயா, எங்க வண்டி" என்றேன்.

2010-ல் மைக்ராவை நம் ஒரகடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே செய்து, எண்ணூரில் கப்பலேற்றி, முன்பு மைக்ரா செய்த ஊருக்கே விற்க அனுப்பினார்கள். நானாவது ஹீத்ரோவில் வரிசையில் நின்றேன், அந்தக் கார் நேராக இறங்கியது. ஒரகடத்தை நான் பஸ்ஸில்கூடத் தாண்டியதில்லை. ஆனாலும் பெரியவரிடம் நம் பங்காளி வீட்டைப்போல் அதைத் தூக்கிப் பேசினேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, "நட்டு நன்றாகத்தான் முறுக்கியிருக்கிறார்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு டிக்கியைத் திறந்தார். அம்மா கொடுத்தனுப்பிய பூண்டு ஊறுகாய் போன வருடம் அங்கேதான் கொட்டியது. நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை எடுத்துச் சொன்னேன். எம்.ஓ.டி.யில் வாசனைக்குப் பத்தி இல்லையே என்று வருத்தப்பட்டு, 50 பவுண்டு குறைத்தார். உங்கள் மாப்பிள்ளை பேசிய பேரம் இவ்வளவுதான்: "சரி" என்றார்.

மற்றது நொடியில் முடிந்தது. பதிவுப் புத்தகத்திலிருந்து பச்சைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன், போனிலேயே பெயர் மாற்றினேன். 2014 அக்டோபரிலிருந்து சாலை வரி வண்டியோடு போவதில்லை. எனக்கு மிச்ச மாதங்களுக்குப் பணம் திரும்பும். அவர் எங்கள் சோபாவில் சுக்குக் காபி குடித்தபடி புதிதாகக் கட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார்.

இப்போது பஸ். உங்கள் மாப்பிள்ளை 2011 மாடல் ஹூண்டாய் ஐ10 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அசல் ஐரோப்பியக் கார் என்று அவருக்கு ஏக பெருமை. அதுவும் நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்தது என்று, பணம் கொடுத்த பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன். நீங்கள் முந்திவிடாதீர்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மாவிடம், அடுத்த ஊறுகாயை இறுக்கி மூடச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி